துவைத்தாலும் போகாத மை

அந்தச் சலவைக்கூடத்தில் இரண்டு சைரன்கள் இருந்தன. ஒன்று கொதிகலன் அறையின் மேல் பொருத்தியது, மற்றது தளப் பொறுப்பாளரின் தொண்டை. முதல் சைரன் கெட்டுப்போய் நாலு வருஷமாகியும் யாரும் அதைச் சரிசெய்யவில்லை. இரண்டாவது நன்றாக வேலை செய்யும்போது அந்தச் செலவு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஆறு மருத்துவமனைகளின் விரிப்புகளும் தலையணை உறைகளும் அறுவை அறையின் பச்சைத் துணிகளும் மலை மலையாக வந்து விழுகிற இடம் அது. பத்துத் துவைக்கும் இயந்திரங்கள், நாலு உலர்த்திகள், கோடியில் ஒரு வீட்டு அகலத்துக்கு ரோலர் இஸ்திரி. எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. தளப் பொறுப்பாளர் கத்தினால் மட்டும் கேட்கும். அதனால் அவருக்கு இடி என்று பெயர். முகத்துக்கு நேராகவே இடியண்ணே என்பார்கள். அவரும் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் வேலை சம்பந்தமாக அவர் எழுதியது என்று பார்த்தால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அதுவும் பாதிதான். எழுதுவதெல்லாம் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மேலாளரின் பாடு. மேலாளர் சுற்றறிக்கை ஒட்டுவார். இடி அதன் முன்னால் நின்று ஒரு முறை படித்துவிட்டு, தளத்தின் நடுவில் வந்து இரண்டே வரியில் கத்திச் சொல்வார். அவரைத் தவிர அந்தச் சுற்றறிக்கைகளை வேறு யாராவது படித்ததாகத் தகவல் இல்லை.

அப்பேர்ப்பட்ட தொண்டைக்குத்தான் கண் பட்டது. முதலில் கரகரத்தது, அப்புறம் பாதி வாக்கியத்தில் காற்றுப் போயிற்று. வெந்நீர் குடித்துப் பார்த்தார், மிட்டாய் சப்பிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி, பயப்படுகிற மாதிரி இல்லை என்று சொல்லி எடுத்தும் விட்டார். அதற்கப்புறம் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. ஐந்து வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"ரகசியம் பேசுறதும் பேசுறதுதான்," என்றார் மருத்துவர். "மீறினீங்கன்னா இருக்கிற குரலும் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

வீட்டில் இவ்வளவு நிம்மதியை அனுபவித்ததே இல்லை என்று அவர் மனைவி மூன்று நாள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாலாம் நாள், ஐந்து வாரத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மருத்துவருக்கே ஃபோன் போட்டாள். எட்டாம் நாள் காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் திணித்து, இந்த வீட்டுச் சுவர்களோடு இனி என்னால் பேசிக்கொண்டிருக்க முடியாது, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோனார். அந்தக் கூடத்தின் நீராவியில் நோட்டு மதியத்துக்குள் ஊறிக் கூழாகிவிட்டது. செல்ஃபோனில் எல்லோருக்கும் செய்தி அனுப்பலாமே என்றார் மேலாளர். தளத்தில் ஃபோன் கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டியவரே அவர்தான் என்பதை இடி விரலால் சுட்டிக்காட்டினார். கடைசியில், துணிகளுக்கு அடையாளம் போடும் குறி மேசையில் அவர் கண்ணில் பட்டது அந்த வெள்ளை நாடாச் சுருள். ஒவ்வொரு மருத்துவமனையின் பெயரையும் எழுதி விரிப்பின் ஓரத்தில் ஒட்டுவதற்கான பருத்தி நாடா. அதில் எழுதுவதற்கென்றே கறுப்பு மைப் பேனா ஒன்று உண்டு. எழுதி ஒரு சூடு காட்டிவிட்டால் போதும். கொதிநீரில் போட்டாலும் வெளுப்பு மருந்தில் ஊறவைத்தாலும் நூறு தடவை துவைத்தாலும் அந்த மை போகாது.

அதைச் சாண் அளவுக்கு வெட்டி எழுத ஆரம்பித்தார். 'ஏழாம் இயந்திரத்தை நிறுத்து.' 'பச்சைத் துணி முதலில்.' எழுதியதை, மை கலையாமலிருக்க ஒரு சூடு காட்டி, கொண்டுபோய்க் கையில் கொடுப்பார், படித்தவர் தலையாட்டுவார், வேலை நடக்கும். இதை ஏன் இத்தனை வருஷம் செய்யவில்லை என்றுகூட அவருக்குத் தோன்றிற்று. இதில் வேடிக்கை, பேச முடியாதது அவருக்கு. காது நன்றாகவே கேட்கும். இருந்தும் பாதிப்பேர் அவரிடம் கையால் சைகை காட்டினார்கள், மீதிப்பேர் அவர்களும் நாடாவில் எழுதிப் பதில் கொடுத்தார்கள். ஒருவர் தினமும் அவர் காதருகே வந்து கத்தி, காலை வணக்கம் சொன்னார்.

ஆனால் ஒன்று அவருக்கு உறைக்கவில்லை. பேனாவைக் கையில் எடுத்தால் அவருக்கு வருவது பள்ளிக்கூடத்துத் தமிழ் ஒன்றுதான். பரீட்சைக்கும் விடுப்புக் கடிதத்துக்கும் எழுதிப் பழகிய கை. அவர் வாயால் திட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் ஒரு உறுமல், நடுவில் சிரிப்பு வருகிற மாதிரி ஏதாவது, கடைசியில் ஆளைப் பார்த்து ஒரு தம்பி, ஒரு தங்கச்சி, ஒரு ராசா. அந்த வால் இல்லாமல் அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. சாண் நாடாவில் இடம் குறைவு. அதையெல்லாம் போய் யாராவது எழுதுவார்களா என்று வாலை வெட்டிவிட்டார்.

ரோலர் அக்காவிடம்தான் அது வெடித்தது.

ரோலரில் விரிப்புகளை விரித்து உள்ளே விடுபவள் அவள். பதினொரு வருஷமாக அதே இடம். வேறு யார் விட்டாலும் ஓரம் மடங்கும். அவள் விட்டால் விரிப்பு நேராகப் போய் நேராக வரும். இடி அவளைத் திட்டுவதைக் கேட்க மற்றவர்கள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள். மூளையைக் கழட்டி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாயா தங்கச்சி என்று அவர் அந்தக் கோடியிலிருந்து கேட்டால், ஆமாண்ணே, நீங்க இருக்கிற இடத்துல எனக்கெதுக்கு மூளை என்று இந்தக் கோடியிலிருந்து பதில் வரும். அந்தக் கூடத்தின் சத்தத்தை மீறி எழுந்த ஒரே சிரிப்பு அதுதான்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, ரோலரிலிருந்து வந்த விரிப்புகளில் நாலு ஈரமாக இருந்தன. மருத்துவமனை வண்டி வாசலில் நிற்கிறது. இடி அவசரமாக நாடாவை வெட்டி எழுதினார்:

'கண் என்ன பிடரியிலா இருக்கிறது? மூளையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயா? நான்கும் ஈரம். மீண்டும் போடு.'

அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினார். அவள் படித்தாள். பதில் ஒன்றும் வரவில்லை. நாடாவை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு நாலு விரிப்பையும் மறுபடி ரோலரில் விட்டாள். வேலை மும்முரம் போலிருக்கிறது என்று இடி நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம், அவளோடு ரோலரில் நிற்கும் பெண் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து இடியிடம் கொடுத்தாள். உள்ளே ரோலர் அக்காவின் மேலங்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தது. மார்புப் பக்கம் அந்த நாடா ஊக்கால் குத்தப்பட்டிருந்தது. நடந்ததை அந்தப் பெண் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அக்காவின் மகள் மேலங்கியைத் துவைத்திருக்கிறாள். பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிற பெண். உதறிக் காயப்போடும்போது பையிலிருந்து நாடா விழுந்தது. காகிதமாக இருந்தால் கரைந்துபோயிருக்கும். இதில் ஒரு எழுத்துகூட மங்கவில்லை. உன்னிடம் இப்படித்தான் பேசுவார்களா என்று மகள் கேட்டிருக்கிறாள். அம்மா நாடாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே மேலாளருக்கு ஃபோன் செய்து, வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வாயால் சொன்னதெல்லாம் செல்லாது, வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடு என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.

இடி அந்த மேலங்கியோடு குறி மேசையருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்தனை தடவை சொன்ன வார்த்தைகள், எத்தனை தடவை சிரித்த வார்த்தைகள். இதில் என்ன புதிதாக இருக்கிறது என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நாடாவைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் நீட்டி, படி என்று கைகாட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மின்கட்டண ரசீதைப் படிக்கிற குரலில் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் நாடாவை மேசைமேல் வைத்து அவரைப் பார்த்தாள்.

"இதை எனக்கு எழுதியிருந்தா நான் அன்னிக்கே எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன்," என்றாள்.

அப்போதுதான் அவர் காதில் அது விழுந்தது. அந்தச் சொற்களில் அவர் எங்கேயும் இல்லை. அவர் முகம் இல்லை, உறுமல் இல்லை, கடைசியில் வருகிற தங்கச்சி இல்லை. யாரோ ஒரு அதிகாரி யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து உனக்கு மூளை இல்லை என்று எழுதி, அழியாத மையில் கொடுத்திருக்கிறான்.

புதன்கிழமை இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. கொதிகலன்காரர் தானாக வந்து சொன்னார். அந்த வியாழக்கிழமை நீராவி அழுத்தம் இறங்கி ரோலருக்குச் சூடு போதாமல் இருந்ததாம். அவர் ரோலர் அக்காவிடம் சொல்ல, அவள் இடியைப் பார்த்து இரண்டு தடவை கையை ஆட்டியிருக்கிறாள். இடி குனிந்து நாடாவில் எழுதிக்கொண்டிருந்தாராம்.

இரண்டாவது விஷயம் மடிப்பு மேசையிலிருந்து வந்தது. அங்கே ஒன்பது வருஷமாக ஒருவர் தலையணை உறை மடிக்கிறார். வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் இடி அவருக்குப் பேச்சாளர் என்று பெயர் வைத்திருந்தார், கூடமே அப்படித்தான் கூப்பிடும். மதிய இடைவேளையில் பேச்சாளர் எழுந்து வந்து ஒரு நாடாவை இடியின் சாப்பாட்டு டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பொடி எழுத்தில் இருந்தது: 'வாயால் சொன்னபோதும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். நீங்கள் பேசி முடிக்கவே இல்லை.'

இடி அதை மூன்று தடவை படித்தார். காது சூடாயிற்று. பழைய இடியாக இருந்தால் அந்தக் கோடி வரை கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லி அதையும் சிரிப்பாக்கியிருப்பார். இப்போது வழியில்லை. டப்பாவை மூடிவிட்டு யோசித்தார். ஒன்பது வருஷத்தில் இந்த மனிதர் தன்னிடம் சொன்ன முதல் விஷயம் இது, தன் வாய் மூடியதால் வந்து சேர்ந்தது. கோபப்பட இதில் ஒன்றும் இல்லை, கும்பிடத்தான் தோன்றியது. ஒரு நாடாவை வெட்டி, 'என்ன என்று கூப்பிட வேண்டும்?' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் பதில் வந்தது: 'தம்பி போதும்.'

அன்றைக்கும் மறுநாளும் இடைவேளை முழுக்க இடி குறி மேசையில் உட்கார்ந்து எழுதினார். சாண் நாடா போதாது என்று, கிழிந்து கழித்துப்போட்ட தலையணை உறை ஒன்றைப் பிரித்து விரித்துக்கொண்டார். நாலு உறை வீணாயிற்று. எந்த வேலைக்கும் அவர் இவ்வளவு வியர்த்ததில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் உறையை மடித்து, நாடாவைப் பழையபடி குத்திய மேலங்கியோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு ரோலர் அக்காவின் வீட்டுக்குப் போனார். மறுநாள் வெள்ளி.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது மகள். யார் வேண்டும் என்று கேட்டாள். இவர் எப்படிச் சொல்வார்? பையிலிருந்து மேலங்கியை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகம் மூடிய கதவு மாதிரி ஆகிவிட்டது.

"நீங்கதான் அவரா?"

தலையாட்டினார். உறையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எங்கம்மாவுக்கு மூளை இல்லைன்னு எழுதினீங்க. இப்ப என்ன எழுதிட்டு வந்திருக்கீங்க?"

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது கையில் கந்தல் துணியாகத் தொங்கிற்று. இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை, மன்னிச்சிடும்மா என்று ஒரே ஒரு வார்த்தை, அதை வாயால் சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார். மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

"அண்ணே, வாயை மூடுங்க."

உள்ளேயிருந்து வந்தது அந்தக் குரல். ரோலர் அக்கா ஈரக் கையோடு மகளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கோபத்தில் அவளுக்கு மூக்கு விடைத்திருந்தது. "ஒரு சத்தம் வந்துச்சு, அப்புறம் நடக்கிறதே வேற. இன்னும் பதினோரு நாள் இருக்கு. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

இடி வாயை மூடினார். கண் கட்டுப்படவில்லை. தன்னை விட்டுப் போகிறேன் என்று சொன்னவள், தன் தொண்டைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பது என்று நினைத்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா மகளின் தோளைத் தட்டினாள். மகள் உறையை வாங்கிப் பிரித்து, நின்றபடியே படித்தாள்.

'ரோலர் அக்காவின் மகளுக்கு.

உன் கையில் கிடைத்த நாடாவை எழுதியது நான். அன்றைக்கு விரிப்பு ஈரமானதற்கு உன் அம்மா காரணம் இல்லை. நீராவி குறைந்திருந்தது. அவர் எனக்குக் கை காட்டினார். நான் பார்க்கவில்லை.

உன் அம்மா அங்கே என்ன செய்கிறார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறாரா என்று தெரியாது. ஒரு நாளைக்கு ஆயிரம் விரிப்புக்கு மேல் அவர் விரலுக்கு அடியில் போகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் குழந்தைகள் வார்டு விரிப்பு ஒன்றை உள்ளே விடாமல் நிறுத்தினார். ரோலரையே நிறுத்திவிட்டார். நான் கத்தினேன். அவர் பதில் பேசாமல் ஓரத் தையலைப் பிரித்து, உள்ளே சிக்கியிருந்த உடைந்த ஊசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். துவைத்தபோது யாருக்கும் தெரியவில்லை. உலர்த்தியபோதும் தெரியவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்தது. அந்த விரிப்பில் எந்தக் குழந்தை படுத்தது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கேயோ நன்றாக இருக்கும்.

ரோலரைப் போடு என்று மட்டும் சொல்லிவிட்டு நான் போய்விட்டேன். நன்றி சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குக் குரல் நன்றாக இருந்தது.

இப்போது சொல்கிறேன். இந்த மையும் போகாது.'

படித்து முடித்த மகள் அம்மாவைப் பார்த்தாள். இதை நீ சொல்லவே இல்லையே என்றாள். அதெல்லாம் வேலைம்மா, வீட்டுக்கு வந்து சொல்லிக்கிட்டிருப்பாங்களா என்றாள் அக்கா. ஆனால் உறையை வாங்கித் தானும் படித்தாள். படிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவளும் ஒரு படி மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த நாடாவைப் படிச்சப்ப சுருக்குன்னுதான் இருந்துச்சுண்ணே," என்றாள். "உங்க குரல்ல படிச்சுப் பார்த்தேன். ரெண்டு மூணு தடவை பார்த்தேன். வரல. இவ கேட்டப்ப, இப்படித்தான் பேசுவாங்களான்னு கேட்டப்ப, ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல."

வாயால் சொன்னால் மட்டும் சரியாகிவிடுமா என்று கேட்டாள் மகள். நியாயமான கேள்வி. மடிப்பு மேசையிலிருந்து வந்த நாடாவை நினைத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார் இடி. அதை அந்தப் பெண் எதிர்பார்க்கவில்லை. கீழ்வீட்டில் குக்கர் கூவியது.

அக்கா கையை நீட்டி மேலங்கியை எடுத்து, ஊக்கைக் கழற்றி நாடாவைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை எதுவும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை, வேலைக்கு வருவேன் என்றாள். ஆனால் அது அவர் குரல் வரும்வரைதான். குரல் வந்ததும் இந்த நாடாவில் இருப்பதை எல்லோர் முன்னாலும் அவர் வாயால் சொல்ல வேண்டும். மகளும் வந்து கேட்பாள். கேட்டுவிட்டு, எங்கம்மா இங்கே இருக்கலாம் என்று அவள் சொன்னால் இருப்பேன், இல்லாவிட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றாள். இடி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

அடுத்த பதினொரு நாளும் அவர் நாடாவில் எழுதத்தான் செய்தார், குறைவாக. ஆளின் பெயரை அல்லது உறவை முதலில் எழுதிவிட்டு அப்புறம் விஷயத்தை எழுதினார். இடம் போதாவிட்டால் நாடாவை நீளமாக வெட்டினார். வாயடைத்துப்போன மனிதருக்குக் கூடத்தின் மற்ற சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. தான் கத்திச் சொல்வதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடுகிறது என்பதையும், இத்தனை நாளும் ஓடுகிற வண்டியைப் பார்த்து ஓடு ஓடு என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதையும் கண்டார். வெட்கமாக இருந்தாலும், இந்த மாதிரி ஆட்கள் வாய்த்தார்களே என்று நெஞ்சு நிறைந்தது.

கெடு முடிந்து மருத்துவர் குழாயை விட்டுப் பார்த்து, நாணெல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் மெதுவாகப் பேசலாம், கத்துவதை மறந்துவிடுங்கள் என்றார். அடுத்த சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. மதிய இடைவேளையில் மகள் வந்தாள். இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. அந்த நேரத்தைத்தான் அக்கா தேர்ந்தெடுத்திருந்தாள், இல்லாவிட்டால் அவர் புதுக்குரல் யாருக்குக் கேட்கும்? கொதிகலன்காரர் வந்தார், மடிப்பு மேசையிலிருந்து தம்பி வந்தார், மேலாளர்கூடக் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து ஓரமாக நின்றார். அக்கா ரோலருக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நின்றுகொண்டு நாடாவை நீட்டினாள்.

இடி அதை வாங்கி, எழுதியிருந்தபடியே படித்தார். கண் என்ன பிடரியிலா இருக்கிறது. குரல் நூல் மாதிரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவரால் இரண்டாவது வரிக்குப் போக முடியவில்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடாவைக் கீழே இறக்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பதினொரு வருஷம் பார்த்த முகம். மறுபடி ஆரம்பித்தபோது அவர் எதையும் படிக்கவில்லை.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? மூளையைக் கழட்டி வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா..." மூச்சு வாங்கிற்று. மெலிந்த அந்தக் குரல் கடைசியில் வழக்கமான இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. "...தங்கச்சி?"

"ஆமாண்ணே," என்றாள் ரோலர் அக்கா. அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். "நீங்க இருக்கிற இடத்துல எனக்கெதுக்கு மூளை."

கூடம் முழுக்கச் சிரித்தது. இயந்திரங்கள் நின்றிருந்ததால் அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகளும் சிரிக்கவில்லை. அவள் முன்னால் வந்து இடியின் கையிலிருந்த நாடாவை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"கடைசி வார்த்தை இதுல இல்லையே," என்றாள்.

"இல்லம்மா," என்றார் இடி. "விட்டுட்டேன்."

அவள் குறி மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தாள். அவர் நாடாவை மடிப்பு மேசைமேல் விரித்தார். இடமே இல்லை. ஓரத்தில், ஊக்குக் குத்திய இரண்டு ஓட்டைகளுக்கும் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது. அங்கே நுணுக்கி எழுதினார்.

எழுதிய புது எழுத்துக்குச் சூடு காட்டாவிட்டால் அது நிலைக்காது. ரோலர் அக்கா பொத்தானை அழுத்தினாள். நாடாவை வாங்கி, ஆயிரம் விரிப்பை விடுகிற அதே விரல்களால் அதை நேராகப் பிடித்து உள்ளே விட்டாள். மகள் ஓடிப்போய் மறுபக்கத்தில் நின்றுகொண்டாள். நாடா சுடச்சுட வெளியே வந்தது. அவள் அதைக் கையில் ஏந்திக் கடைசிச் சொல்லின் மேல் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். மை அழியவில்லை. அதை மடித்து அம்மாவின் மேலங்கிப் பையில் போட்டாள்.